கலைமான் வினாதல்: துவாக்குடி வட்டாரத்தில் மான் தேடுவது குறித்து ஓர் ஆய்வு

திருச்சியை அடுத்த துவாக்குடியில் ஆய்வெல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். மேற்கே பெல் கொதிகலன் ஆலை, கிழக்கே டோல்கேட், தெற்கே 1964-இல் ஆர்.இ.சி.யாகப் பிறந்து பிற்பாடு என்.ஐ.டி.யான வளாகம். வடக்கெல்லையில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. டீக்கடை வரை என்று கொள்வது மரபு. இந்நிலப்பரப்பில், வேட்டைப் பருவம் முடியும் தறுவாயில், கண்ணில் படாமல் நழுவும் ஓர் ஆண்மானைப் பின்தொடர்வது எப்படி என்பதே நம் ஆய்வுப்பொருள். இங்கே ஏது மான் என்று கேட்கும் வாசகர் சற்றுப் பொறுக்கவும். ஆய்வுக்குப் பொருள் கண்முன்னே இருக்க வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் விதிக்கவில்லை.

ஒப்பீட்டுக்கு அமெரிக்கா. அதன் மேற்கு மாநிலங்களில் மியூல் டீர் என்றொரு மான் உண்டு. கோவேறு கழுதைக்குப் போல நீண்ட காது. இரண்டும் தனித்தனியே திரும்பும். மிரண்டால் நான்கு கால்களையும் ஒருசேர ஊன்றி எம்பி எம்பிப் போகும். கிழட்டு ஆண் பகலில் தலை காட்டாது. ஆனால் நவம்பர் நடுவில் இணைசேரும் காலம் வந்ததும் புத்தி மாறி, பெண்மான்களின் பின்னால் வெட்டவெளிக்கே வந்துவிடும். பருவத்தின் கடைசி வாரங்களுக்காக அங்கத்து வேட்டைக்காரர்கள் தவம் கிடப்பது இதற்காகத்தான். பல மாநிலங்களில் அனுமதிச் சீட்டே குலுக்கலில் விழ வேண்டும். அனுபவசாலிகள் சொல்லும் உபதேசம் ஒன்றுதான்: ஆணைத் தேடி அலையாதே, பெண்கள் மேயும் இடத்தில் போய் நில்.

இந்த உத்தியைத் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம்.

மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் மதியுடம்படுத்தல் என்றொரு பகுதி. தலைவன் தினைப்புனத்துக்கு வருகிறான். அங்கே தலைவியும் தோழியும் கிளி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் இந்தப் பக்கம் யானை வந்ததா என்கிறான். அது வேழம் வினாதல். பிறகு மான் வந்ததா என்கிறான். அது கலைமான் வினாதல். அடுத்து வழி கேட்கிறான், ஊர் கேட்கிறான், பிறகு பெயர் கேட்கிறான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துறை. யானையில் தொடங்கிய விசாரணை பெயர் வரை வந்துவிடுவதைப் பாருங்கள். இவன் மனம் வேட்டையில் இல்லை என்று தோழி ஊகித்துவிடுகிறாள். நானூறு பாட்டிலும் அந்த மானைப் பற்றி யாருக்கும் மேற்கொண்டு அக்கறை இல்லை. ஆக, நம் கருதுகோள்: தமிழ்நிலத்தில் மான் பிடிபடுவதற்கு உரியதன்று, விசாரிக்கப்படுவதற்கு உரியது.

விசாரிப்பதோடு நிறுத்தாமல் துரத்தப் போனவர்கள் கதியும் தெரிந்ததே. கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபம் ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னதிக்கு எதிரே இருக்கிறது. காவியமோ பொன்மானின் பின்னால் போனவன் மனைவியை இழந்த கதை. இது மாயம் என்று தம்பி முன்னாலேயே சொன்னான், அண்ணன் கேட்கவில்லை. பாண்டு எய்த மான் முனிவராய் மாறிச் சாபம் கொடுத்தது. துஷ்யந்தன் மட்டும் தப்பினான்: ஆசிரமத்து மான், எய்யாதே என்றதும் வில்லிலிருந்து அம்பை எடுத்துவிட்டான், சகுந்தலையைச் சந்தித்தான்.

இனிப் பருவம். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். அதற்குப் பிறகும் உரிமம் வாங்கிச் சிலவற்றை வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் அடைத்தது. அதன்பின் பருவம் திறக்கவேயில்லை. எனவே பருவக் கடைசி என்ற தகுதியில் துவாக்குடியை அமெரிக்க மலைகள் எதுவும் நெருங்க முடியாது. கருவிக்கும் குறைவில்லை: 1966 முதல் இயங்கும் துப்பாக்கித் தொழிற்சாலை பக்கத்திலேயே நவல்பட்டில் இருக்கிறது. துப்பாக்கி தயார், பருவம் முடிந்தது, மான் வர வேண்டியதுதான் பாக்கி.

மரபு தவறாமல் களஆய்வும் நடத்தப்பட்டது. “அண்ணே, இந்தப் பக்கம் மான் ஏதாச்சும் வந்துச்சா?” என்றதற்கு டீ மாஸ்டர், “மயிலு வரும் சார். சர்க்கரை போடலாமா?” என்றார். ஆட்டோக்காரர் விசாரணை முறையைத் தலைகீழாக்கி, “எங்க போகணும்? ஏறுங்க, பேசிக்கலாம்” என்று வழி வினாதலிலேயே தொடங்கினார். பேருந்து நிறுத்தத்தில் பூ விற்கும் அக்காதான் ஆய்வாளர் கையிலிருந்த மல்லிகைப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, “மான் கெடக்கட்டும் தம்பி. வீட்டுல சண்டையா?” என்று கேட்டார். உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக விளக்கும் தோழியின் கூர்மை, முழம் போட்டுக்கொண்டே வந்துவிடுகிறது.

நிஜமாகவே கொம்புள்ள ஆணைக் காண விரும்புவோர் துவாக்குடியிலிருந்து கிழக்கே தஞ்சை, நாகை என்று போய், தெற்கே திரும்பி வேதாரண்யம் தாண்ட வேண்டும். கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். வெளிமான் அங்கே கூட்டமாக மேய்கிறது. அது மான் குடும்பமே அல்ல, ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்காது என்று விலங்கியலார் தகராறு செய்வார்கள். பேருந்தில் அவ்வளவு தூரம் போனவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் பார்ப்பதோடு சரி. வெளிமான் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, கூடிப்போனால் 7 ஆண்டு சிறை, அபராதம் தனி. மான் வந்ததா என்று வினவுவதற்கு மட்டும் அந்தச் சட்டத்தில் தண்டனை கிடையாது.