ஒத்தப் பாகம் படிச்ச நீதிபதி

வா தம்பி, உக்காரு. அந்த பெஞ்சுல வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இந்தப் பக்கம் வா. சிமெண்ட் லாரி போறப்ப மட்டும் கிளாச கையால மூடிக்க. இல்லன்னா டீயில சுண்ணாம்பு விழும், அப்பறம் வெத்தல வேற கேப்ப.

மெட்ராஸ்லேருந்து பைக்லயே வந்தியா? கையில என்னா அது, புது வெள்ளமா? அதான பாத்தேன். கீழப்பழுவூர்ல எறங்கி எடுத்த எடுப்புல "பழுவேட்டரையர் அரண்மனை எங்க தாத்தா"ன்னு கேக்குறவன் கையில எப்பவும் பொன்னியின் செல்வன் மொதல் பாகந்தான் இருக்கும். அஞ்சு பாகமும் படிச்சவன் அப்படிக் கேக்க மாட்டான். கோயில் எங்கன்னு கேப்பான். செருப்பக் கழட்டிட்டு சத்தமில்லாம உள்ள போவான்.

2022-ல படம் வந்துச்சு பாரு, அதுலேருந்து இந்த டீக்கடை வாசல் கோர்ட்டு மாதிரி ஆயிப்போச்சு. வர்றவன் எல்லாம் நீதிபதி. தீர்ப்பும் ஒண்ணே ஒண்ணுதான்: "பெரிய பழுவேட்டரையரு துரோகி." சொல்லிட்டு எங்க ஊரு டீயையே குடிப்பான். நானும் ஆமாம் தம்பி, ஆமாம் தம்பின்னு தலையாட்டுவேன். வந்த எடத்துல ஏன் மனசப் புண்படுத்தணும்.

ஒனக்கும் ஒரு யோசனை சொல்றேன். அபிப்பிராயம் சொல்லணும்னா மொதல் பாகத்தோட நிறுத்திக்க. அந்தப் பாகத்துல 57 அத்தியாயம். அஞ்சு பாகமும் சேத்தா 293. ஒருத்தன நல்லா திட்டுறதுக்கு 57 தாராளம். மேல படிச்சா சந்தேகம் வரும், சந்தேகம் வந்தா சத்தம் கொறையும். சத்தமில்லாத அபிப்பிராயத்த எவன் கேக்குறான்?

போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு. "கதை நகரவே மாட்டேங்குது தாத்தா, ஏரியச் சொல்றாரு, ஆத்தச் சொல்றாரு, கோலாட்டத்தச் சொல்றாரு"ன்னு சலிச்சுக்கிச்சு. ஏம்மா, நீ எப்படி வந்தன்னு கேட்டேன். கும்பகோணத்துலேருந்து கார்ல தூங்கிக்கிட்டே வந்துச்சாம். கொள்ளிடம் பாலம் தாண்டுனதே தெரியல. கதாநாயகன் வந்தியத்தேவன் குருதையில வந்தான் தாயி, தூங்குனா விழுந்துருவான், அதனால பாத்தான்னு சொன்னேன். இன்னொருத்தன், "பொன்னியின் செல்வன்னு பேர வச்சுட்டு அந்த ஆளையே காணுமே"ன்னான். ஞாயமான கேள்விதான். மொதல் பாகம் பூராவும் அவரு ஈழத்துல இருக்காரு, ஊருசனம் பேசுறதுல மட்டும் வந்துட்டுப் போறாரு. நேருல பாக்கணும்னா ரெண்டாம் பாகத்துக்கு வரணும். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னாடியே சாப்புட்டுக் கெளம்புனவன், மாப்பிள்ளை மொகத்தப் பாக்கலன்னு கொற சொன்ன மாதிரி.

சரி, ஒன் வழக்குக்கு வருவோம். எங்காளு மேல என்னென்ன குத்தம், நீயே சொல்லு.

ஆடிப் பதினெட்டுக்கு வீரநாராயண ஏரிக் கரையில சனம் கூடியிருக்கு. 74 கணவாய்லயும் தண்ணி பாயுது. அங்க பனைக்கொடி போட்டு இவரு பரிவாரம் வருது, ஒதுங்கு ஒதுங்குன்னு அதட்டுறாங்க. சனம் மொணமொணக்குது. இதான் மொதக் குத்தம். தம்பி, போன வாரம் இந்த ரோட்டுல ஒரு பெரிய மனுசன் கார் போறதுக்கு முக்கா மணி நேரம் நிறுத்தி வச்சாங்க. அங்க ஒருத்தரும் மொணமொணக்கல, கையில இருந்த செல்போனத் தூக்கிப் படம் எடுத்தாங்க. ஆயிரம் வருசத்துல அந்த அளவுக்கு முன்னேறியிருக்கோம்.

அடுத்தது, அவரு தனாதிகாரி. வரி வாங்குற ஆளு. வரி வாங்குறவன நல்லவன்னு எந்த ஊர்ல சொல்லியிருக்கான்? இத நான் வாதாடவே போறதில்ல.

மூணாவதுதான் ஒங்களுக்கெல்லாம் இனிக்கிற குத்தம். கெழவன் கல்யாணம். அறுவது வயசுக்கு மேல நந்தினியக் கட்டிக்கிட்டாரு. 24 போருக்குப் போயி, ஒடம்புல 64 விழுப்புண் வாங்குன மனுசன்னு கல்கி சொல்லியிருக்காரு. அத எவனாவது ஞாபகம் வச்சிருக்கியா? 64-ம் மறந்துபோச்சு, அறுவதாவது வயசு மட்டும் ஞாபகம் இருக்கு. இங்க வந்த ஒரு ரிட்டயர்டு சாரு, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா"ன்னு அரை மணி நேரம் பொங்குனாரு. அவரு சம்சாரம் பக்கத்துல உக்காந்து அவரையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் ஒண்ணும் பேசல, டீ சக்கர கம்மியா போடச் சொன்னேன்.

நாலாவது, கடம்பூர் மாளிகையில நடுராத்திரிக் கூட்டம். அது பெரிய குத்தந்தான், ஒத்துக்கறேன். மூடுபல்லக்குல மதுராந்தகன வச்சுக்கிட்டு, அடுத்த ராசா யாருன்னு பேசுறாங்க. ஆனா அத எப்படி நமக்குத் தெரியும்? வழியில தங்குன ஒரு பய தூக்கங்கலைஞ்சு எட்டிப்பாத்து ஒட்டுக்கேட்டான், அவன் கண்ணால நாமளும் பாத்தோம். எங்க ஊர்ல ஒட்டுக்கேட்டவன் சாட்சி பஞ்சாயத்துல நிக்காது. ஒங்க கோர்ட்டுல நிக்குது போல.

கோவிச்சுக்காத தம்பி. ஒன்னச் சொல்ல எனக்கு என்னா தகுதி இருக்கு? நானே இருபது வருசம் மொதல் பாகத்து நீதிபதியா இருந்தவன்.

எங்கப்பா கல்கி பத்திரிகை வாங்குன ஆளு. 1950-லேருந்து 54 வரைக்கும் தொடர் வந்துச்சு. வாராவாரம் பக்கத்தக் கிழிச்சு, மணியம் போட்ட படத்தோட சேத்து, சணல்ல தச்சு, கோந்து தடவி, காலிகோ துணி ஒட்டி அஞ்சு வால்யூமா பைண்டு பண்ணி வச்சிருந்தாரு. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசுக்கு வர்றதுக்குள்ள ரெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும் அத்தை வூட்டுக்கு இரவல் போயிடுச்சு. எங்க வூட்டுல மிஞ்சுனது புது வெள்ளம் மட்டும். அத நான் ஏழு தடவை படிச்சிருக்கேன். ஏழு தடவையும் எங்காளு துரோகிதான். அரியலூர்ல படிக்கிறப்ப பசங்க என்னைய "டேய் பழுவேட்டரையா"ன்னு கூப்புட்டானுங்க. அவமானமா இருந்துச்சு, ஆனா உள்ளுக்குள்ள கொஞ்சம் கெத்தாவும் இருந்துச்சு. வில்லன் ஊருன்னாலும் ஊரு ஊருதான?

அத்தைகிட்டப் புஸ்தகத்தக் கேக்குறப்பல்லாம், "அத என்னாத்துக்குப் படிக்கிற, நான் கதையச் சொல்லிடறேன்"னு ஆரம்பிக்கும். கதை பாதியில நின்னுபோயி மருமவ மேல பிராது ஆரம்பிச்சிடும். அத்தை காலமான பிறகுதான் பரண்லேருந்து அந்த நாலு வால்யூமும் எறங்கி வந்துச்சு. ஓரமெல்லாம் செல்லு அரிச்சிருந்துச்சு. ஒரே மூச்சா படிச்சேன். அஞ்சாம் பாகத்துல எங்காளு என்னா பண்ணாருன்னு ஒங்கிட்ட சொல்ல மாட்டேன். அன்னிக்கு ராத்திரி நான் சோறு திங்கலங்கறத மட்டும் சொல்றேன்.

எம் பேத்தி இங்கிலீசு மாயாஜாலக் கதை படிக்கிற புள்ள. ஹாரி பாட்டருன்னு ஒண்ணு. மொதல் புஸ்தகம் 1997, ஏழாவது 2007. அதுல வளைஞ்ச மூக்கோட கறுப்பு அங்கி போட்ட வாத்தியாரு ஒருத்தரு இருக்காராம். மொதல் புஸ்தகத்துலேருந்தே எல்லாரும் அவரத் திட்டுனாங்களாம். கடைசிப் புஸ்தகத்துல அவரு மனசத் தொறந்து காட்டுனதும் திட்டுனவங்களே அழுதாங்களாம். "தாத்தா, அவரு ஒங்க பழுவேட்டரையரு மாதிரியே"ன்னுச்சு. அந்த ஊருக்கும் ஒரு கீழப்பழுவூர் இருக்கும், அங்கயும் எவனாவது கெழவன் டீக்கடையில உக்காந்து தலையாட்டிக்கிட்டு இருப்பான்னு நெனைச்சுக்கிட்டேன். இன்னொரு கதையும் சொன்னுச்சு, சிம்மாசனத்துக்கு அடிச்சுக்கிற கதையாம். மொதல் புஸ்தகம் 1996-ல வந்துச்சு, அஞ்சாவது 2011-ல. ஆறாவதுக்கு சனம் இன்னும் காத்துக் கெடக்குது. அந்த வகையில நாம குடுத்து வச்சவங்க. நம்ம அய்யா அஞ்சையும் முடிச்சுக் குடுத்துட்டு, அதே 1954 டிசம்பர்ல கண்ண மூடுனாரு.

முடிச்சுக் குடுத்தாரே, அப்பவாவது விட்டாங்களா? அந்தப் பொண்ணு என்னா ஆச்சு, இந்த ஆளு எங்க போனான், இப்படிப் பொசுக்குன்னு முடிச்சிட்டீங்களேன்னு வாசகருங்க கடுதாசி மேல கடுதாசி. அதுக்காவ தனியா ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னாரு மனுசன். மூணரை வருசம் கூடவே வந்தவங்க கேள்வி கேட்டாங்க. நீ மூணு நாளு படிச்சுட்டுத் தீர்ப்பே எழுதிட்ட. ஒன் வேகம் அவங்களுக்கு வராது.

கதைய வுடு. கதைன்னா நாலு பேரு கெட்டவனா இருந்தாத்தான் ஓடும். அந்த நந்தினியே கல்கி அய்யா மனசுல பொறந்தவ. எந்தக் கல்லுலயும் அவ பேரு கெடையாது. கதையில வர்ற ஆழ்வார்க்கடியானும் அப்படித்தான். ஆனா பழுவேட்டரையருங்க நெசமாவே இங்க இருந்தவங்க. எதுத்தாப்புல ஆலந்துறையார் கோயில் இருக்கே, சம்பந்தர் பாடுன தலம், அங்க பராந்தகன் காலத்துக் கல்லு ஒண்ணு இருக்கு. வெள்ளூர்ல பாண்டியனும் ஈழத்துப் படையும் சேந்து வந்தப்ப, சோழன் பக்கம் நின்னு சண்டை போட்டது பழுவேட்டரையன் கண்டன் அமுதன்னு அது சொல்லுது. நீ படிக்க வேணாம், ஒனக்கு அந்த எழுத்து புரியாது. எனக்குந்தான். திருச்சியில கலைக்கோவன்னு ஒரு கண் டாக்டரு இருக்காரு, வருசக்கணக்கா பழுவூர்க் கோயில்களச் சுத்திச் சுத்தி ஆராய்ச்சி பண்ணவரு. ஊரு கண்ணுக்குத் தெரியாததக் கண் டாக்டரு வந்துதான் பாக்க வேண்டியிருந்துச்சு.

அடுத்தது லால்குடி பக்கத்து அன்பில். அங்க கெடைச்ச செப்பேடு, பராந்தகன் இந்தப் பழுவேட்டரையர் வூட்டுப் பொண்ணக் கட்டுனான், அவங்களுக்குப் பொறந்தவன் அரிஞ்சயன்னு சொல்லுது. அரிஞ்சயன் மவன் சுந்தர சோழன், சுந்தர சோழன் மவன் ராஜராஜன். ஆக ஒன் பொன்னியின் செல்வன் ஒடம்புலயும் எங்க ஊரு ரத்தம் ஓடுது. இதுல வேடிக்கை என்னான்னா, அந்தச் செப்பேட்ட வாங்குனவரு அநிருத்தப் பிரமராயரு. ஆமாம், ஒன் புஸ்தகத்துல வர்ற அதே மந்திரிதான். கதையில எதிர்க்கட்சி, செப்பேட்டுல எங்க பக்கத்து சாட்சி.

மொறைக்காத. கடைசி சாட்சிதான் சுவாரசியம். ஒங்க கதை தொடங்குன ஏரிக்கரை இருக்குல்ல, இன்னிக்குக் காட்டுமன்னார்கோயில். அங்க உடையார்குடி அனந்தீசுவரர் கோயில்ல ராஜராஜனோட ரெண்டாவது ஆட்சி வருசத்துக் கல்வெட்டு இருக்கு. அண்ணன் ஆதித்த கரிகாலனக் கொன்ன துரோகிங்க யாருன்னு பேர் போட்டு எழுதியிருக்கான்: சோமன், ரவிதாசன், பரமேசுவரன். சொந்தக்காரங்க சொத்து வரைக்கும் கணக்குப் பாத்துப் பறிமுதல் பண்ணியிருக்கான். அதுல எங்க ஊரு ஆளு பேரு ஒண்ணுகூடக் கெடையாது. எந்தக் கரையில ஒங்க வந்தியத்தேவன் குருதையில வந்து எங்காளப் பத்தி மொணமொணப்பக் கேட்டானோ, அதே ஊருக் கோயில் சுவத்துலதான் இது இருக்கு. அவன் இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்திருந்தா, ஒட்டுக்கேக்கவே வேணாம், கல்லப் படிச்சிட்டே போயிருக்கலாம்.

ராஜராஜன் காலத்துலயும் பழுவேட்டரையருங்க இங்கதான் இருந்தாங்க. துரோகின்னா, அண்ணனப் பறிகொடுத்தவன் விட்டு வச்சிருப்பானா?

நான் வக்கீல் இல்ல தம்பி, எனக்கு ஊர்ப்பாசம். அதனால நான் சொல்றதையும் அப்படியே நம்பாத. எங்க ஊர்க்காரன் எங்க ஊர்க்காரனப் பத்தி என்னாத்தக் கெட்டதாச் சொல்லப்போறான்? ராஜராஜன் சும்மா விட்டு வச்சது பலத்துக்குப் பயந்துன்னுகூட ஒருத்தன் வாதாடலாம். வாதாடட்டும். ஆனா அவனும் அஞ்சையும் படிச்சுட்டு வந்து வாதாடட்டும். கல்கி அய்யா மேலயும் எனக்கு வருத்தம் இல்ல. மொதல் பாகத்துல எங்காள அவ்ளோ கரியா அடிச்சதே, பின்னாடி வெளுக்குறப்ப நாம கண்ணக் கசக்கணும்னுதான். அந்தத் தந்திரம் தெரியாம நான் ஏழு தடவை ஏமாந்தேன். நீ ஒரு தடவைதான ஏமாந்திருக்க.

என்னா? ரெண்டாம் பாகம் எங்கிட்ட இருக்கான்னா கேக்குற? இருக்கு. தர மாட்டேன். எங்கத்தை கதைய இப்பதான சொன்னேன், அதுக்குள்ளவா மறந்துட்ட? நாட்டுடைமை ஆயாச்சு, எந்தக் கடையிலயும் மலிவுப் பதிப்பு கெடைக்கும், காசு குடுத்து வாங்கு. மேலப்பழுவூர் தாண்டி கீழையூர்ல ரெட்டைக் கோயில் இருக்கு, அதப் பாத்துட்டுப் போ. சிங்கம் உக்காந்த தூணத் தொட்டுப் பாரு, ஆனா செல்பி எடுக்குறேன்னு அது மேல சாயாத.

எங்க எந்திரிக்கிற? டீ ரெண்டு, வடை மூணு. எடு காச. தனாதிகாரி ஊருக்கு வந்துட்டு வரி கட்டாமக் கெளம்புனா எப்படி?