வேடிக்கையும் விஞ்ஞானமும்

கேள்வி: வேடிக்கை காட்டி விஞ்ஞானம் போதிக்கும் யூடியூப் சானல்களால் என் பையனுக்கு உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா?
– ஒரு தகப்பனார், ஆவடி.

பதில்: லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில், மைக்கேல் ஃபாரடே என்ற மகா மேதையே ஒற்றை மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு ரசாயன சாஸ்திரத்தைச் சிறுவர்களுக்கு ரசமாகப் போதித்தாராதலால், அதே கைங்கரியத்தைத் தமிழில் புரியும் எல்.எம்.இ.எஸ்., மிஸ்டர் ஜி.கே. போன்ற சானல்களைக் குறை கூற எனக்குத் துணிவில்லை. 2019-இல் தமிழக அரசே கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கிவிட்டபடியால், பையன் டி.வி. பார்ப்பதைத் தடுப்பது இனிப் படிப்பைக் கெடுத்த பாவமாகவும் ஆகக்கூடும்! ஆயினும், பார்த்ததைச் செய்தும் பார்க்கச் சொல்லுங்கள். தங்கள் ஊர்க் கனரக வாகனத் தொழிற்சாலையின் வாசலைத் தினந்தோறும் கடந்து செல்பவரெல்லாம் டாங்கி செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்களா, என்ன?