ஓரத்தையும் தட்டிப் பாருங்கள்

எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் ஸ்னேரைத் தடதடவென்று தட்டிப் பார்ப்பார்கள். அடுத்து விலையைக் கேட்பார்கள். அதற்கப்புறம் தட்டுவதை நிறுத்திவிடுவார்கள். சிம்பல் பக்கம் யாரும் போவதில்லை. அது பாட்டுக்குக் கறுப்பு ரப்பர் தட்டாக ஸ்டாண்டில் சாய்ந்துகொண்டிருக்கும். தட்டினால் சத்தம் வராமலா போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. வெண்கலத் தட்டு என்றால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. 1623இல் கான்ஸ்டான்டிநோபிளில் தொடங்கிய ஸில்ட்ஜன் கம்பெனி இன்றைக்கும் தன் உயர்ந்த ரகங்களுக்குச் செம்பையும் வெள்ளீயத்தையும் 80க்கு 20 என்று உருக்கித்தான் வார்க்கிறது. அந்தத் தட்டை எந்த மூலையில் எதைக்கொண்டு அடித்தாலும் கத்தும். ரப்பர் தட்டு அப்படியில்லை. அதற்குள் சத்தமே கிடையாது. "இந்த இடத்தில் அடித்தார்கள், இவ்வளவு பலமாக அடித்தார்கள்" என்று ஒயர் வழியாகக் கோள் சொல்வது மட்டும்தான் அதன் உத்தியோகம். அந்தக் கோள், சத்தம் போடும் பெட்டியான மாட்யூலுக்குப் புரிந்தால்தான் சத்தம்.

நான் தூத்துக்குடியில் ஒரு சபையில் டிரம்ஸ் வாசிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், மற்ற நாளெல்லாம் ஷிப்பிங் ஏஜென்சியில் கன்டெய்னர் கணக்கு. முன்பு எங்களிடம் நிஜ டிரம்ஸ்தான் இருந்தது. உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர், சத்தத்தைக் குடிக்க ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. கிராஷ் சிம்பலை ஒரு போடு போட்டால் அது ஆல்டர் வரை போய்விட்டுத் திரும்பி வரும். முன் பெஞ்சுப் பாட்டிமார் காது மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். ஒரு ஞாயிறு போதகர் ஐயா 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்துக்கு எடுத்தார். அன்பில்லாதவனைக் கைத்தாளத்துக்கு ஒப்பிட்டுப் பவுல் ஆரம்பிக்கிற அதிகாரம். அந்த வசனத்தை வாசித்துவிட்டு ஐயா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அடுத்த சேகரக் கமிட்டியில் எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கிட் வந்தது. டிரம்கள் எல்லாம் சமர்த்து. தகராறு செய்தது சிம்பல்தான். கூடவே வந்த கிராஷ் கொஞ்ச காலத்தில் ஊமையாகிவிட, புதிதாக ஒரு கிராஷும் ஒரு ரைடு சிம்பலும் வாங்க வேண்டியதாயிற்று. பணம் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் கிடைத்தது. எங்கள் பக்கத்து ஏலம் பார்க்காதவர்களுக்கு: ஒரு சேவலை ஒருவர் ஏலத்தில் எடுப்பார். எடுத்ததைத் திரும்ப ஆண்டவருக்கே கொடுத்துவிடுவார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். அந்த வருஷம் ஒரு சேவல் இப்படியே சுற்றிச் சுற்றிக் கிராஷ் சிம்பல் விலையில் பாதியைச் சம்பாதித்துக் கொடுத்தது. ராத்திரி அது குழம்பாகிவிட்டதில் எனக்கு வருத்தம்தான்.

பொருளாளர் அண்ணாச்சிக்கு உப்பளம். உப்பைக்கூட எண்ணிப் போடுகிறவர் என்று ஊரில் பேச்சு. கமிட்டியில் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, தட்டு தட்டுதானே? பிளக்கு எல்லாத்துலயும் ஒண்ணுதானே? பெறவு எதுக்கு இந்த வெலை சொல்லுத?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. வம்பே அங்கேதான். கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனிச் சிம்பலும் அதே கால் அங்குல ஜாக்கில்தான் முடிகிறது. எதை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் செருகலாம். கச்சிதமாக உட்காரும், 'டக்' என்று ஒரு சத்தமும் வரும். சில ஜோடிகளில் அதோடு சரி.

உள்ளே இருப்பது ஒன்றும் ராணுவ ரகசியமில்லை. பித்தளை வில்லையில் ஒட்டிய ஒரு பீசோ. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையில் இருக்குமே, அதே ஜாதி. சென்னை ரிச்சி தெருவில் டீ, வடைக் காசுக்குக் கிடைக்கும். அதிர்ந்தால் துளி மின்சாரம் கொடுக்கும்; பலமாக அதிர்ந்தால் கூடக் கொடுக்கும். மேல்பரப்பில் விழும் அடியை அது பார்த்துக்கொள்ளும். ஓரத்துக்கு, ரப்பருக்கு அடியில் பட்டையாக ஒரு சுவிட்ச். பீசோ துடித்துச் சுவிட்சும் அமுங்கினால், அடி ஓரத்தில் விழுந்ததாக மாட்யூல் எடுத்துக்கொள்ளும். அடியே இல்லாமல் சுவிட்ச் அமுங்கினால், யாரோ கையால் பிடிக்கிறார்கள் என்று ஓடுகிற சத்தத்தை அறுத்துவிடும். இதற்குச் சோக் என்று பெயர்.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சத்தம் வாறதுக்குத் துட்டு குடுக்கோம், சரி. சத்தத்தை நிப்பாட்டுததுக்கும் துட்டா?"

நான் வாயைத் திறக்குமுன் ஐயா சொன்னார்: "அண்ணாச்சி, போன பண்டிகையில நான் ஜெபிப்போம்னு சொன்ன பெறவும் அது ஷ்ஷ்ஷ்னு ஓடிக்கிட்டே கெடந்துது."

சோக் பாஸாகிவிட்டது. மேல்பரப்பு ஒரு சத்தம், ஓரம் ஒரு சத்தம் என்கிற டூயல் ஸோன் விஷயத்துக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஆதரவு தந்தார். 150ஆம் சங்கீதத்தில் ஒரே வசனத்தில் கைத்தாளம் இரண்டு தினுசாக வருகிறதாம். சங்கீதக்காரனே டூயல் ஸோன்தான் கேட்டிருக்கிறானாம். வேத ஆதாரம் காட்டிய பிறகு அண்ணாச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மின்சாரத்துக்கும் சிம்பலுக்கும் ஆதியிலிருந்தே ஆகாது. ராஜர் லின் 1980இல் எல்எம்-1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். நிஜ டிரம் சத்தங்களைச் சிப்பில் பதிந்து வைத்த மெஷின். அதில் கிராஷும் கிடையாது, ரைடும் கிடையாது. சிம்பலின் ஓசை அடங்க நேரமாகும். அவ்வளவு நீளத்தையும் பதிய அன்றைய மெமரி விலை தாங்காது. 1982இல் லின்டிரம் வந்தபோதுதான் இரண்டும் சேர்ந்தன. அதே 1980இல் ரோலண்டின் டிஆர்-808 குறுக்கு வழியில் போயிற்று. ஆறு ஆஸிலேட்டர்களைக் கலந்து சிம்பல் மாதிரி ஒன்றை உண்டாக்கியது. சிம்பல் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் சிம்பல்தான். மறு வருஷம் சிம்மன்ஸின் அறுகோண டிரம்கள் வந்து ஊரைக் கலக்கின; அதை வாங்கிய டிரம்மர்களில் பலர் டிரம்மை மின்சாரத்திலும் சிம்பலை வெண்கலத்திலும் வைத்துக்கொண்டு வாசித்தார்கள். என்னைக் கேட்டால் இவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு அதற்குப் பிறகு வரவில்லை. பாட்டிமார் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால் பேச்சை விட்டேன்.

இன்று மெமரிக்குப் பஞ்சமில்லை. ஒற்றுமைக்குத்தான் பஞ்சம். ரைடில் மூன்று இடம் உண்டு: நடுவில் குமிழ், அதைச் சுற்றி மேல்பரப்பு, கடைசியில் ஓரம். இந்த மூன்றையும் சொல்ல ரோலண்டின் சிஒய்-15ஆர் ரைடுக்கு இரண்டு கேபிள் வேண்டும். மாட்யூலிலும் அதற்குத் தக்கபடி துளை வேண்டும். யமஹாவின் பிசிஒய்155 மூன்றையும் ஒரே கேபிளில் சொல்லிவிடும். எந்தச் சுவிட்ச் அமுங்கியது என்பதை மின்தடை வித்தியாசத்தால் காட்டும். யமஹா மாட்யூலுக்கு அந்தக் கணக்குத் தெரியும். இரண்டுமே நல்ல சிம்பல். ஒன்றைக் கொண்டுபோய் இன்னொன்றின் மாட்யூலில் செருகினால் மேல்பரப்பு பேசும். குமிழும் ஓரமும் பேசும் என்று யாரும் எழுதித்தர மாட்டார்கள். ஹை-ஹாட் இன்னும் மோசம். பெடலை மிதிக்கும்போது மின்தடை ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்பதில்கூடக் கம்பெனிகளுக்குள் உடன்பாடில்லை. சேராத ஜோடியில் மிதித்தால் திறக்கும், காலை எடுத்தால் மூடும். இதெல்லாம் போதாதென்று 2016இல் ரோலண்ட் டிடி-50 மாட்யூலோடு 18 அங்குல டிஜிட்டல் ரைடு ஒன்றைக் கொண்டுவந்தது. அது யுஎஸ்பி கேபிளில் பேசும். அந்த ரைடுக்கென்று துளை வைத்த மாட்யூல் இல்லாவிட்டால் அதைச் சுவரில் மாட்டிப் பார்க்கலாம்.

பொருத்தம் பார்ப்பது மாதிரி என்று எழுதக் கை பரபரக்கிறது. எங்கள் சபையில் அதற்குக் கண்டனம் வரும். ஆனாலும் சங்கதி அதுதான். தனித்தனியே விசாரித்தால் பையனும் தங்கம், பெண்ணும் தங்கம். சேர்த்துவைத்த பிறகுதான் வீடு இரண்டுபடும்.

கமிட்டி விலை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே சபைக்கார குடும்பம் ஒன்று துபாயிலிருந்து ஒரு ரைடை அனுப்பிவைத்தது. பெரிய தட்டு, பார்வைக்கு வெண்கலம் மாதிரியே பொன்னிறம். பெட்டியின் மேல் எல்லா மாட்யூலுக்கும் பொருந்தும் என்று அச்சிட்டிருந்தது. பொருந்தத்தான் செய்தது. குமிழைத் தட்டினாலும் மேல்பரப்புச் சத்தம், ஓரத்தைத் தட்டினாலும் மேல்பரப்புச் சத்தம். எங்கே கேட்டாலும் ஒரே பதில். 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்றால் 'ஏதாவது ஒரு சத்தம் வரும்' என்றுதான் அர்த்தம் என்பது என் துணிபு. குடும்பத்தாருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. எங்கள் கோயிலில் ஃபேன் இறக்கை, நாற்காலி முதுகு, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றிலும் 'அன்பளிப்பு: இன்னார் குடும்பத்தார்' என்று இருக்கும். சிம்பல் மட்டும் என்ன பாவம் செய்தது? பெயின்டர் வந்து ஓரத்தைச் சுற்றி வளைத்து எழுதிவிட்டுப் போனார். வெள்ளை எனாமல், இரண்டு கோட்டிங். ரப்பர் விறைத்து, அடியில் உள்ள சுவிட்ச் அதற்குப் பிறகு அமுங்கவே இல்லை. தாத்தா பெயர் வரும் இடத்தில் மட்டும் இன்றைக்கும் கல்.

கீபோர்டு வாசிக்கும் பையனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை உண்டு. "அண்ணே, ஒய் கேபிள் ஒண்ணு போட்டா ஒரு துளையிலயே ரெண்டு சிம்பல் ஓட்டலாம்." ஓட்டலாம். மாட்யூல் ஏற்றுக்கொண்டால், ஸ்டீரியோ துளையின் இரண்டு கம்பியில் ஆளுக்கு ஒன்று போகும். இரண்டு சிம்பலும் ஓரத்தை இழக்கும், சோக்கும் போகும். ஐயாவின் ஜெபம் ஞாபகத்துக்கு வந்ததால் விட்டுவிட்டோம். கேபிள் விஷயத்தில் இன்னொன்று: பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் ஸ்டீரியோ, ஒன்று இருந்தால் மோனோ. மைக் பெட்டியிலிருந்து கைக்கு அகப்பட்ட மோனோவைச் செருகினால் ஓரம் பேசாது. சில கிட்டில் சிம்பலை யாரோ பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று மாட்யூல் முடிவுகட்டி மொத்தமாக வாயை அடைத்துவிடும். பழுது என்று கடைக்குக் கொண்டுபோகப்படும் சிம்பல்களில் இப்படிப்பட்டவையும் உண்டு.

அடிக்காமலே பேசுகிற சிம்பல் இதற்கு நேர் எதிர். எங்கள் மேடை பலகை மேடை. திருவிருந்து நேரம், கோயிலே அமைதி. ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் மேடையோரமாக நடந்து வந்தார். அவர் கோல் ஊன்ற ஊன்ற, ஆளில்லாத கிட்டிலிருந்து கிராஷ் 'தஸ்ஸ்', 'தஸ்ஸ்' என்றது. பெரியவர் நின்றார், அதுவும் நின்றது. மறுபடி ஒரு அடி வைத்தார். அன்றைக்குப் பயபக்தியோடு வீட்டுக்குப் போனவர்கள் பலர். காரணம், மாட்யூலில் த்ரெஷோல்டு தாழ்வாக இருந்தது. பலகை அதிர்வையே பீசோ அடி என்று எடுத்துக்கொண்டது. அதை உயர்த்தினால் கோல் சத்தம் போகும். ரொம்ப உயர்த்தினால் மெல்லிய அடியும் சேர்ந்து போகும். ஞானப்பாட்டுக்கு ரைடில் குச்சி நுனியால் தடவுகிற மாதிரித்தான் வாசிக்க வேண்டும். அது கேட்காவிட்டால் நான் ஈ ஓட்டுவதாகச் சபை நினைக்கும். நல்ல சிம்பல் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் விடுகிற சிம்பல். இடம் இருக்கிறதா என்று அட்டைப்பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கோயில் பணியாளரான எங்கள் கோயில்குட்டியையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை தோறும் சிம்பலைத் துடைத்து, துடைத்த சந்தோஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார். பெரும்பாலான தட்டில் ஓரச் சுவிட்ச் வாசிப்பவன் பக்கம் மட்டும்தான் இருக்கும். மறுநாள் பார்த்தால் சுவிட்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். சுற்றாமல் இருக்க நட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டாப்பர் கொடுப்பார்கள். பிரித்த அன்றே குப்பைக்குப் போகும் சாமான் அதுதான். போதாக்குறைக்கு எங்கள் ஊர் உப்புக்காற்று. ஜாக் முனையில் பச்சை பூத்தால் எந்தக் கம்பெனிச் சிம்பலும் கரகரக்கும்.

கடைசியில் மாட்யூல் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியின் கிராஷையும் ரைடையும் வாங்கினோம். மாட்யூலின் மெனுவில் ட்ரிகர் டைப் என்றொரு பட்டியல் இருக்கும்; அதில் பெயர் இருக்கிற மாடல்களாகவே பார்த்து எடுத்தோம். விலை ஜாஸ்தி. அண்ணாச்சி செக்கில் கையெழுத்துப் போட எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு சங்கீதம் பாடி முடித்திருக்கலாம். துபாய் ரைடும் கிட்டிலேயே இருக்கிறது, குடும்பத்தார் வருகிற பண்டிகைகளுக்கு.

நீங்கள் வாங்கப் போவதாக இருந்தால் மாட்யூலையும் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் எத்தனை துளை காலி என்று முதலில் பாருங்கள். சின்னக் கிட்டில் எல்லா ஒயரும் ஒரே பட்டைப் பிளக்கில் போய்விடும், கூடுதல் சிம்பலுக்கு ஒன்றிரண்டு துளைதான் மிஞ்சும். ஸ்டீரியோ கேபிள் ஒன்றும் உங்களுடையதாகவே இருக்கட்டும். செருகி, முதலில் மெல்லத் தட்டுங்கள். பிறகு ஓரத்தைக் குச்சியின் தோளால் அடித்து, உடனே கையால் பிடித்துப் பாருங்கள். பலமாகத் தட்டிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, பலமாகத் தட்டினால் எல்லாச் சிம்பலும் பேசும். செருகிப் பார்க்கக் கடைக்காரர் விடவில்லையா, பேசாமல் வெளியே வந்துவிடுங்கள்.