சாமியாரைப் பார்க்கப் போகுமுன்: பீளமேட்டுக்காரர்களுக்குச் சில செய்முறைக் குறிப்புகள்

பீளமேட்டில் ஒருவருக்குக் கஷ்டகாலம் வந்துவிட்டால், அது அவருக்குத் தெரியும் முன்பே ஒரம்பரைகளுக்குத் தெரிந்துவிடும். பம்ப் ஆர்டர் நின்றிருக்கும், ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்திருக்கும், மகளுக்குப் பார்த்த இடம் தட்டிப் போயிருக்கும். உடனே ஏதாவதொரு பெரிய மாமன் போனில் வந்து, "மாப்ளே, ஒருத்தர் இருக்காருங்க. ஒருக்கா போயிப் பாத்துப்போட்டு வந்துருங்க" என்பார். அந்த ஒருத்தர் ஞானியா மந்திரவாதியா என்று மாமன் சொல்ல மாட்டார். அவருக்கும் தெரியாது. அவரிடம் இருப்பது லொகேஷன் மட்டும்தான்.

இந்தக் குறிப்புகள் அந்த நேரத்துக்கானவை. இரண்டு தரப்பிலும் காவி இருக்கும், தாடி இருக்கும், நெற்றி நிறையத் திருநீறு இருக்கும். ஆள் மாறிப் போனால் பணம் போவது ஒருபுறம். மகள் கல்யாணத்துக்கு நாள் கேட்கப் போன இடத்தில், 'நாள் கேட்கிற நீ யார் என்று முதலில் பார்' எனச் சொல்லி அனுப்பிவிட்டால், வீட்டுக்கு வந்து அம்மணியிடம் என்ன சொல்வீர்கள்?

கேட்கப்போவதை எழுதிக்கொள்ளுங்கள்

பழைய டெலிவரி சலான் ஒன்றின் பின்பக்கம் போதும். எழுதி முடித்ததும் வாக்கியங்களின் வாலை மட்டும் பாருங்கள். 'கிடைக்கணும்', 'ஒழியணும்', 'தெரியணும்' என்று முடிந்தால் உங்களுக்கு வேண்டியவர் மந்திரவாதி. டெண்டர் கிடைக்கணும், பங்காளி ஒழியணும், காணாமல் போன கொடி எங்கே என்று தெரியணும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்து எதுவும் எழுதத் தோன்றாமல், ஆனாலும் எங்கேயாவது போக வேண்டும்போல் இருந்தால், நீங்கள் தேடுவது ஞானியை. சர்க்கரை குறைந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்பதால் முதலில் டிபன் சாப்பிட்டுவிட்டு இன்னொரு முறை எழுதிப் பாருங்கள்.

மந்திரவாதியின் தொழில்முறை இந்த ஊர்க்காரருக்குச் சட்டென்று பிடிபடும். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கிய ஊர் இது. காயிலைச் சரியாகச் சுற்றிக் கரண்ட் கொடுத்தால் மோட்டார் ஓடியே தீர வேண்டும். கொடுத்தவர் நல்லவரா கெட்டவரா என்று அது கேட்பதில்லை. மந்திரவாதியின் வாதமும் இதுவேதான். உலகத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத வயரிங் ஒன்று இருக்கிறது, அது எனக்குத் தெரியும், செப்புத் தகட்டில் கட்டம் போட்டு, சொன்ன திசையில் உட்கார்ந்து 48 நாள் உரு ஏற்றினால் காரியம் நடந்தே தீர வேண்டும் என்பார். நடக்கவில்லை என்றால் டிசைனில் கோளாறு கிடையாது. 31-ஆம் நாள் நீங்கள் மட்டன் சாப்பிட்டிருப்பீர்கள்.

ஞானியிடம் கேரண்டி, வாரண்டி எதுவும் கிடைக்காது. காரியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதை ஓரமாக வைத்துவிட்டுக் கொண்டுவந்தவரைக் கழற்ற ஆரம்பிப்பார்.

நேரில் பார்த்ததும் செய்ய வேண்டிய சோதனை

"ஏனுங் சாமி, தங்களுக்கு என்னென்னங்க கைவரும்?" என்று பணிவாகக் கேளுங்கள். மந்திரவாதியிடம் பட்டியல் தயாராக இருக்கும், சுவரில் பிரமுகர்களோடு எடுத்த போட்டோவும் இருக்கும். தாயத்தால் சர்க்கரை வியாதி தீரும், குழந்தை பிறக்கும் என்று வாசலில் போர்டு வைத்திருந்தால், அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே மத்திய அரசு மந்திர சிகிச்சை விளம்பரச் சட்டம் போட்டிருக்கிறது என்பதைக் காத்திருக்கும் நேரத்தில் நினைத்துக்கொள்ளலாம். ஞானியாக இருந்தால் பேச்சை மாற்றுவார், அல்லது சாப்பிட்டாச்சா என்பார். அரிசியை இழுக்கும் கலசம், இரிடியம், வெளிநாட்டுக் கம்பெனி கோடிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு திரும்பினால் அது மாந்திரீகத்திலேயே சேராது. செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள்.

அடுத்தது ரகசியம். "இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்பது மந்திரவாதியின் முத்திரை. சொன்னால் பலிக்காது என்பார். (சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் பாதி விலையில் இன்னோர் ஆளைக் காட்டிவிடுவார் என்பதும் உண்டு.) ஞானிகள் நேர் எதிர், கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்வார்கள். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷியைப் பாருங்கள். குண்டலினி என்றாலே குரு காதோடு சொல்ல, சீடன் கதவைச் சாத்திக்கொண்டு செய்த காலம் போய், ஆழியாறில் அவர் அமைத்த அறிவுத் திருக்கோயிலில் அது மில் தொழிலாளியும் மளிகைக்கடைக்காரரும் லீவு போட்டு வந்து கற்கும் வகுப்பாகிவிட்டது. கொங்கு நாட்டில் எத்தனையோ பேர் போனை எடுத்ததும் 'வாழ்க வளமுடன்' என்பது அதனால்தான். வட்டி கேட்டுக் கூப்பிடுகிறவரும் வாழ்த்திவிட்டுத்தான் கேட்கிறார்.

கொங்கணரைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்

இந்தப் பாடத்துக்குக் கொங்கு நாட்டுக்காரர் வெளியூர் போக வேண்டியதே இல்லை. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் ஊதியூர் மலை இருக்கிறது. பொன்னூதி மலை என்றும் பெயர். கொங்கணச் சித்தர் அங்கே இருந்து உலை ஊதிப் பொன் செய்தார் என்பார்கள். கணக்குப்படி நம் பக்கத்தின் முதல் ஃபவுண்டரி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதே கொங்கணர்தான் தவத்தில் இருந்தபோது தலைமேல் எச்சமிட்ட கொக்கை முறைத்துப் பார்த்துச் சாம்பலாக்கியவர். அந்தச் சூடு ஆறாமல் வள்ளுவர் வீட்டு வாசலில் பிச்சைக்கு நிற்கிறார். உள்ளே வாசுகி கணவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள், வர நேரமாகிறது. வந்தவளை அதே முறைப்பு முறைக்கிறார். என்னையும் கொக்கென்று நினைத்தீரோ என்று அவள் கேட்டது பழமொழியாகவே நிலைத்துவிட்டது. மகாபாரத வனபர்வத்திலும் இதே கதை வருகிறது. அங்கே அவர் பெயர் கௌசிகர். அந்தப் பெண் அவரை மிதிலையில் கறிக்கடை வைத்திருக்கும் ஒருவரிடம் தர்மம் கற்க அனுப்பிவைக்கிறாள்.

பெண்டாட்டி புருஷனுக்கு அடங்கியிருந்தால் இவ்வளவு மகிமை என்று கல்யாண மண்டபங்களில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கொக்கைக் கோட்டைவிட்டுவிடுகிறார்கள். காட்டில் ஆளில்லாத இடத்தில் நடந்தது அடுப்படியில் இருந்தவளுக்கு எப்படித் தெரிந்தது? கொங்கணரிடம் இருந்ததைவிடப் பெரிய சித்தி அவளிடம் இருந்திருக்கிறது. அவர் தம்முடையதை எடுத்து ஒரு பறவைமேல் பிரயோகித்தார். அவளிடம் இருப்பதோ, அவர் வந்து முறைக்கும்வரை எதிர்வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. ஆகவே, சக்தி இருந்தால் மந்திரவாதி, இல்லாவிட்டால் ஞானி என்று பிரிக்காதீர்கள். படித்தவர்களே சறுக்குகிற இடம் இது. சக்தி வந்த பிறகு அதை வைத்துக்கொண்டு அந்த ஆள் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

நூல்களும் இந்தப் பக்கம்தான். அணிமா முதலான எட்டுச் சித்திகளைத் திருமூலர் மறுக்கவில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் வரிசையாகப் பேசுகிறார். பதஞ்சலி தம் யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் முற்பிறப்பை அறிவது, பிறர் மனத்தை அறிவது, கண்ணுக்குத் தெரியாமல் மறைவது என்று ஒரு கேட்டலாக் போட்டு, ஆவலோடு படித்துக்கொண்டு போகிறவனிடம் நடுவிலேயே இவை சமாதிக்கு இடையூறு என்றும் சொல்லிவிடுகிறார். தாயுமானவர் தேசோமயானந்தத்தில் புலி, கரடியை அடக்குவது, நீர்மேல் நடப்பது என்று எல்லாவற்றையும் முடியும் முடியும் என்று ஒப்புக்கொண்டே வந்து, மனத்தை அடக்கிச் சும்மா இருப்பதுதான் முடியாத காரியம் என்று முடிக்கிறார். வியாபாரிகளுக்கு இது உறைக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையை நினைக்காமல் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள்.

மந்திரவாதியைத் தேடிப் போனவருக்கு ஞானி வாய்ப்பதும் உண்டு. மருதமலையில் பாம்பாட்டிச் சித்தர் குகை இருக்கிறதே, அவர் அங்கே வந்தது ரத்தினம் உள்ள பாம்பைப் பிடிக்க. எதிரே வந்த சட்டைமுனி, உன் உடம்புக்குள்ளேயே ஒரு பாம்பு இருக்கிறது, முடிந்தால் அதைப் பிடி என்றாராம். மனிதர் தொழிலையே விட்டுவிட்டார். ரத்தினம் கிடைத்ததாகக் கதையில் எங்கும் இல்லை. இன்று அதே குகையில் நின்று நாம் ரத்தினத்தைத்தான் கேட்கிறோம், அது வேறு விஷயம்.

வள்ளலாரையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பொள்ளாச்சி நா. மகாலிங்கம் போன்ற தொழிலதிபர்களே முன்நின்று பரப்பியதால் அவர் பெயர் இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் பழக்கமானது. பொன்னூதி மலை உலை அணைந்து எத்தனை காலமோ. 1867-ல் வடலூர் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பில் இன்றைக்கும் சோறு வேகிறது.

மச்சான் ஆதாரம் கேட்டால்

விளாங்குறிச்சி டைடல் பார்க்கில் வேலை பார்க்கிற மச்சான் சித்தர் கதைகளுக்கு மசிய மாட்டார், வெள்ளைக்காரர் சொன்னது வேண்டும் என்பார். எவ்லின் அண்டர்ஹில் என்ற ஆங்கிலப் பெண்மணி 1911-ல் மிஸ்டிசிசம் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதினார். அதற்கு முன் லண்டனில் ரகசியச் சடங்குச் சங்கம் ஒன்றில் சேர்ந்து பார்த்தவர், இரண்டு கடைச் சரக்கும் அறிந்தவர். மாந்திரீகம் வாங்கப் பார்க்கிறது, ஞானம் கொடுக்கப் பார்க்கிறது என்று அவர் பிரித்தார்.

அதுவும் போதாதென்றால் அடையாறைக் காட்டுங்கள். பிளாவட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட்டும் 1875-ல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை 1882-ல் அங்கே வந்து சேர்ந்தது. இமயத்துக்கு அப்பால் இருக்கும் மகாத்மாக்களின் கடிதங்கள் அங்கே ஒரு மர மாடத்துக்குள் தானாகத் தோன்றின. அந்த வீட்டை நிர்வகித்து வந்த கூலோம் அம்மாள் 1884-ல், மாடத்துக்குப் பின்னால் ரகசியக் கதவு உண்டு என்று போட்டுடைத்தார். விசாரிக்க லண்டன் ஆராய்ச்சிச் சங்கம் ஒன்று அனுப்பிவைத்த ஹாட்ஜ்சன் 1885-ல் எல்லாம் மோசடி என்று அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையே ஒருதலைப்பட்சமானது என்று 1986-ல் அதே ஆராய்ச்சிச் சங்கத்தின் இதழில் இன்னொருவர் எழுதியதால் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. இதற்கிடையில் 1909-ல் அதே அடையாறு கடற்கரையில் சபைக்காரர்கள் ஒரு பையனைக் கண்டெடுத்து, வரப்போகும் உலக குரு என்று வளர்த்தார்கள். அவர்தான் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1929-ல் ஹாலந்தில் தம் பெயரால் நடந்த அமைப்பைத் தாமே கலைத்துவிட்டு, என் பின்னால் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். அதையே பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கக் கூட்டம் பின்னாலேயே வந்தது.

சந்தேகத்துக்கு உரியவை

சில இடங்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று வாசகர்கள் குழம்புவார்கள். காங்கேயம் சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. முருகன் யாராவது ஒரு பக்தர் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார். பூ கேட்டு உத்தரவானால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும். அடுத்த கனவு வரும்வரை அதுவே இருக்கும். மண், தண்ணீர், தங்கம், துப்பாக்கி எல்லாம் இருந்திருக்கின்றன. கனவை யாரும் ஆர்டர் கொடுத்து வாங்க முடியாது, கண்டவருக்கு அதில் லாபமும் இல்லை. அதுவரை இது ஞானத்தின் பக்கம். மறுநாள் காலை 'தங்கம் வெச்சிருக்காங்க, விலை ஏறுமாமா' என்று வாட்ஸாப்பில் வருவது இன்னொரு பக்கம்.

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல்லுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவதை மாந்திரீகம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். மிளகாய் உங்களுடையது, எரிகிற கையும் உங்களுடையது, நடுவில் ஆள் கிடையாது. முக்கியமாக, அம்மனைக் கட்டாயப்படுத்தும் மந்திரம் எதுவும் அங்கே இல்லை. மனுக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள், தீர்ப்பு அவள் இஷ்டம். அமாவாசையன்று போவதாக இருந்தால் விடியுமுன் கிளம்புங்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

கடைசியாக, போர் போடும் முன் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டில் நடந்து நீரோட்டம் பார்க்கும் பெரியவர். தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் தண்ணீர் என்பார். நாடு முழுக்கப் பம்ப் அனுப்புகிற கம்பெனி முதலாளியும், பி.எஸ்.ஜி. டெக்கில் படித்த அவர் மகனும், தங்கள் சொந்தத் தோட்டத்துக்கு இவரைத்தான் கூட்டிப்போகிறார்கள். இது சந்தேகமே இல்லாமல் மாந்திரீகக் கணக்கு: மறைவாக இருப்பதைக் காட்ட வேண்டும், காட்டியது காசாக வேண்டும். தண்ணீர் வராவிட்டால் பெரியவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், ரிக்காரருக்கு அடிக் கணக்கில் உள்ளதைக் கொடுத்து அனுப்புங்கள். பார்த்த தேங்காயைச் சட்னிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாம்.