மணிமுத்தாற்றங்கரையில் உட்காருதலும் வாசித்தலும்: ஒரு நிதிசார் ஆய்வு

ஆற்றோரம் ஒரு நடைபாதை போட்டு, உட்கார நாலு பெஞ்சும், ஆற்றைப் பற்றி நாலு விஷயம் சொல்லும் பலகைகளும் வைக்க நகராட்சி எவ்வளவு செலவழிக்கலாம், அதை எந்தக் கணக்கில் எழுதலாம் என்ற கேள்வி உலகெங்கும் நகரமன்றங்களில் கிளம்பி, டீ வந்ததும் அடங்கிவிடுகிறது. அறிஞர்களும் இதைச் சீந்தியதில்லை. குடவோலை முறைக்கு நூறு நூல்கள் உண்டு; குந்துவதற்கு ஒன்றுகூட இல்லை. நிதி, பலகை, இருக்கை ஆகிய மூன்று சிக்கல்களும் விருத்தாசலம் வட்டாரத்தில், மணிமுத்தாற்றின் கரையில், எட்டாம் நூற்றாண்டு வாக்கிலேயே எழுந்து முக்கால்வாசி தீர்க்கவும்பட்டுவிட்டன என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வு முறை பற்றி ஒரு சொல். ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் கையில் வினாத்தாளைத் திணிப்பது, உட்காருதல் என்ற செயலின் ஆதாரத் தத்துவத்துக்கே விரோதம். ஆகவே சேக்கிழாரின் பெரியபுராணத்தைப் புரட்டியும் மதகுக் கட்டையில் குந்தியும் மட்டுமே தரவுகள் திரட்டப்பட்டன.

முதலில் பலகை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் மணிமுத்தாறு, விருத்தாசலத்தைத் தாண்டிப் போய் வெள்ளாற்றோடு கூடும் இடம் கூடலையாற்றூர். தேவாரம் பாடிய சுந்தரர் அந்த ஊருக்குள் போகாமல் நேரே திருமுதுகுன்றத்துக்கு, அதாவது இன்றைய விருத்தாசலத்துக்கு, நடையைக் கட்டினார். எதிரே ஒரு அந்தணர் நின்றார். முதுகுன்றத்துக்கு எது வழி என்று கேட்டார் சுந்தரர். இது கூடலையாற்றூருக்குப் போகிற வழி என்று பதில் வந்தது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். நின்றவர் சிவபெருமான் என்கிறது பெரியபுராணம். இந்த ஆற்றங்கரையின் முதல் வழிகாட்டிப் பலகையும் அவரே என்கிறது இவ்வாய்வு. வழிகாட்டிப் பலகையின் மூன்று இலக்கணங்களும் அவரிடம் அப்படியே பொருந்தியிருப்பதைக் கவனிக்க வேண்டும். கேட்ட ஊருக்கு வழி சொல்லவில்லை. நிறுவியவர் எங்கே வரச் சொல்ல விரும்பினாரோ அந்த ஊரின் பெயரை மட்டும் சொன்னது. இரண்டாம் முறை பார்க்கும்போது இடத்தில் இல்லை. இன்றுவரை எந்த நெடுஞ்சாலையிலும் இந்த இலக்கணம் வழுவியதாகத் தெரியவில்லை.

அடுத்து நிதி. முதுகுன்றத்தில் பாடிய சுந்தரருக்கு 12,000 பொன் கிடைத்தது. அதை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லி இறைவன் உத்தரவு. ஓர் ஆற்றின் பேரில் செலுத்திய தொகை வேறோர் ஊர்க் குளத்தில் தலைகாட்டுவது இன்றும் நிதி நிர்வாகத்தில் கேள்விப்படாத விஷயமல்ல. அன்று அதற்குத் திருவருள் என்று பெயர், இன்று கணக்குத் தலைப்பு மாற்றம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று ஊரார் சொல்லும் விதியைச் சுந்தரர் மீறவில்லை. போடுவதற்கு முன் அந்தப் பொன்னிலிருந்து மாதிரிக்கு ஒரு மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். தார்ச்சாலையில் துளை போட்டுக் கனம் பார்க்கிறார்களே, அந்தச் சோதனைக்கு இதுவே மூதாதை.

திருவாரூர்க் குளத்தில் இறங்கித் துழாவினால் பொன் உடனே அகப்படவில்லை. ஆற்றில் இட்டதைக் குளத்தில் தேடுகிறாரே என்று கரையில் நின்ற அவர் மனைவி பரவையார் கேலி செய்தார். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்பதன் தொடக்கப் புள்ளியாக இதைக் கொள்ளலாம். பாடிய பிறகு பொன் வந்தது. மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு. மறுபடியும் பாட, மாற்றுச் சரியாயிற்று. தரம் பார்த்தவராகச் சொல்லப்படும் மாற்றுரைத்த பிள்ளையார் கமலாலயக் கரையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். வேலை முடிந்தும் இடத்தைவிட்டு நகராத தணிக்கை அதிகாரி அவர் ஒருவர்தான். இம்முறையை அப்படியே இக்காலத்துக்குக் கொண்டுவர முடியாததற்குக் காரணம், பாட்டுக்கு மசியும் ஒப்பந்ததாரர் அருகிவிட்டதே.

இன்றைய வழி சற்று நீளமானது. ஆறு நகராட்சியின் எல்லைக்குள் ஓடலாம். ஆனால் ஆறு நகராட்சியுடையதல்ல. கரை ஆற்றுப் புறம்போக்கு. அதில் பெஞ்சு போட, 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிந்த நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பிறகு மன்றத் தீர்மானம், மதிப்பீடு, 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர், பணி ஆணை, அளவுப் புத்தகத்தில் பதிவு. பணத்துக்குச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியும் உண்டு, அது 1993இல் வந்தது. ஊரார் ஒரு பங்கு போட்டால் அரசு மிச்சத்தைப் போடும் நமக்கு நாமே திட்டமும் உண்டு. இத்தனை வாசல்கள் திறந்திருந்தும் பெஞ்சு வந்து சேரும்போது அது யாருடைய பெஞ்சு என்பதுதான் பெரும் செய்தியாகிவிடுகிறது. அங்கேதான் நம் மூன்றாவது சிக்கல் தொடங்குகிறது.

தமிழ்நாட்டுச் சிமெண்ட் பெஞ்சின் சாய்மானத்தில் கொடுத்தவர் பெயர் பெயிண்டால் எழுதியிருக்கும். உபயம் என்று ஆரம்பித்து, தகப்பனார் பெயர், கடைப் பெயர், சில சமயம் கைப்பேசி எண்வரை போகும். இதில் அறிவியல் ரீதியாக ஒரு முரண் இருக்கிறது. யாராவது உட்கார்ந்தால் முதுகு பெயரை மறைக்கும். பெயர் தெரிய வேண்டுமானால் யாரும் உட்காரக் கூடாது. பெஞ்சு பயன்படப் பயன்படத் தர்மம் மறைகிறது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற உயர்ந்த நெறியை நம் மக்கள் முதுகால் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கொடுத்தவர் எதிரே வருகிறார் என்றால் உட்கார்ந்திருப்பவர் ஓரமாக நகர்ந்து எழுத்துக்கு வழிவிடுவதையும் காண முடிகிறது.

சித்திரை வெயிலில் பகல் இரண்டு மணிக்கு கருங்கல் பலகை பதித்த பெஞ்சில் உட்கார்ந்தவர் யாரும் இரண்டாம் முறை உட்கார்ந்ததாகப் பதிவில்லை. பெஞ்சு காலியாகக் கிடக்க, பத்தடி தள்ளிப் புளிய மரத்து நிழலில் மதகுக் கட்டையில் நாலு பேர் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். கட்டைக்குச் சாய்மானம் இல்லை, உபயதாரர் இல்லை, திறப்பு விழா இல்லை. உயரம் மட்டும் ஒரு மனிதன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காலைத் தொங்கப்போட ஏற்றதாக, யாரும் திட்டமிடாமலே அமைந்துவிட்டது. அதைவிடப் பழையது சுமைதாங்கிக் கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக, தலைச்சுமையோடு போகிறவர் பாரத்தை இறக்கிவைக்கும் உயரத்தில் நட்டார்கள். பெயர் பொறித்த நினைவு இருக்கை என்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 1986 முதல் பெஞ்சுகளைத் தத்துக் கொடுக்கிறார்கள். நம் ஊர்ப் பாதையில் அதற்கு வெகுகாலம் முன்பே நின்ற கல்லில் உட்கார மட்டும் யாருக்கும் மனம் வராது.

இனி, பலகையைப் படிப்பவர் யார்? சென்னையில் அடையாறு முகத்துவாரத்தில் 2011இல் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறந்தார்கள். நீர்நிலை, பறவை, செடி எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்தார்கள். நெடுங்காலம் அங்கே முன்அனுமதி வாங்கி வந்த மாணவர் கூட்டங்களுக்கே முதலிடம். கல்விப் பலகைக்கு வாசகரைத் திரட்ட நாம் அறிந்த ஒரே உறுதியான வழி பள்ளிப் பேருந்து என்பது இதனால் விளங்கும். பேருந்து இல்லாத ஊரில் என்ன செய்வது? வாசகர் வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும் இடத்தில், உட்கார்ந்தவர் கண் மட்டத்தில், எதிரே வைக்க வேண்டும். நிற்பவர் படிக்க மாட்டார், போய்விடுவார். சலூனில் பழைய வாரப் பத்திரிகை வாசிக்கப்படுவதும் இந்த நியதியால்தான்.

இதை முழுமையாக உணர்ந்தவர்கள் ஸ்பெயின்காரர்கள். செவில் நகரில் 1929ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கட்டிய பிளாசா தே எஸ்பான்யாவில் 48 மாகாணங்களுக்கும் 48 மாடங்கள். ஒவ்வொன்றிலும் பீங்கான் ஓடு பதித்த ஒரு பெஞ்சு, அந்த மாகாணத்தின் வரைபடம், ஒரு சரித்திரக் காட்சி. பக்கத்தில் புத்தகம் வைக்கச் சின்ன அலமாரிகூட உண்டு. பெஞ்சும் பாடமும் ஒரே சூளையில் வெந்து வந்தவை. பல தலைமுறைகளின் முதுகு பட்டும் நிற்கின்றன.

இங்கேதான் விருத்தாசலம் தன் கையிலேயே விடையை வைத்துக்கொண்டு தேடுகிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இது பீங்கான் ஊர். அண்டையில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் வெளிவந்தது. செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் படிப்புக்கென்றே ஓர் அரசுப் பயிலகம் எல்லாம் இங்கே வேரூன்றின. களிமண் கரைசலைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சு தண்ணீரை உறிஞ்சியதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால், ஓரத்தில் ஒட்டி நிற்பதுதான் பொம்மை. அதைப் பிஸ்கட்டாகச் சுட்டு, மேலே கிளேஸ் முக்கி மறுபடியும் சூளைக்கு அனுப்புவார்கள். பொம்மையைவிட இவ்வாய்வுக்கு முக்கியமானது பியூஸ் கட்டை. பழைய வீடுகளின் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒட்டடைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் நடுவே அந்த வெள்ளைக் கட்டையின் நெற்றியில் 16 ஆம்பியர், 240 வோல்ட் என்று புடைத்திருக்கும் எழுத்து அப்படியே இருக்கும். ஈரத்துணியால் ஒரு துடை, போன தலைமுறையில் அச்சில் வார்த்தது இன்றைக்கு வார்த்தாற்போல. ஒரே வெயில் காலத்தில் வெளுத்து, அடுத்த ஐப்பசி மழையில் கிழிந்து தொங்கும் பிளெக்ஸ் பேனரில் ஆற்றின் சரித்திரத்தை அடிப்பது, இந்த ஊரில் மட்டும் அறிவியல் குற்றம்.

ஆகவே முன்மொழிவு இது. பெஞ்சின் உட்காரும் பலகை சிமெண்டாகவே இருக்கட்டும், மர நிழலில் கிடக்கட்டும். எதிரே இடுப்பு உயரத்தில் ஒரு சுவர். அதில் பீங்கான் ஓடுகள். எழுத்தைக் கிளேஸுக்கு அடியில் கோபால்ட் நீலத்தில் எழுதிச் சுட்டால் ஆணியால் கீறிப் பெயர் எழுதும் காதலர்கூடத் தோற்பார். நடைமேடைக்கு ஆகாதென்று ஒதுக்கிய கீறல் விழுந்த ஓடுகளையே வாங்கலாம். பார்சிலோனாவில் கௌடி உடைந்த ஓடுகளை ஒட்டித்தான் பார்க் குவெல்லில் பாம்பு வளைவாக ஒரு நெடும் பெஞ்சு போட்டார். எழுத வேண்டிய பாடங்களுக்கும் பஞ்சமில்லை. ஆறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது ஏன், மாசி மகத்தன்று கரை ஏன் நிரம்புகிறது, செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் இவ்வூர்ப் பழமலைநாதர் கோயிலைக் கற்றளியாக்கியது என்றெல்லாம் எழுதலாம். எத்தனை பலகை என்பதற்கும் உள்ளூரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. பழமலைநாதர் கோயிலில் 28 ஆகமங்களுக்கு 28 லிங்கங்களை முருகன் நிறுவியதாக ஐதீகம். பாடத்துக்கு ஒன்று, வரிசையாக, சுற்றிவந்து பார்க்கும்படி. நகராட்சி அதில் கால்வாசி வைத்தாலே போதும். பெயர் வைக்க விரும்பும் உபயதாரர்களுக்கு ஓட்டின் பின்புறம், சுவரோடு ஒட்டும் பக்கம், தாராளமாக ஒதுக்கப்படும்.

பராமரிப்பு ஒன்றுதான் பாக்கி. மதிப்பீடு தயாரிப்பவர்கள் கட்டுமானத்துக்குப் பணம் போடுவார்கள், கழுவித் துடைப்பதற்குப் போட மாட்டார்கள். இதற்கும் கல்வெட்டுகளில் தயாராக ஒரு ஷரத்து உண்டு: இந்தத் தர்மத்துக்குக் கெடுதல் செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். இதை ஒப்பந்தத்தின் கடைசிப் பத்தியாகச் சேர்த்துவிட்டால் காவலாளி சம்பளம் மிச்சம். ஒரே ஒரு நடைமுறைச் சிக்கலுக்கு மட்டும் தணிக்கைத் துறை விளக்கம் தர வேண்டியிருக்கும்: விலை விகிதப் பட்டியலில் பாவம் எந்த வரிசை எண்ணில் வருகிறது, அதற்கு ஜி.எஸ்.டி. தனியாகவா, சேர்த்தா?