ஒன்பதும் ரெண்டும் பதினொன்று

கணக்கு எழுதித்தான் சாப்பிடுகிறேன். ஷார்ஜாவில் ஒரு கம்பெனி. முதலாளி கணக்கில் ஐந்து திர்ஹாம் இடித்தாலும் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. சொந்த ஊரில் மனை வாங்கியபோது மட்டும் அந்தப் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை.

துபாயில் ஃபிளாட் வாங்கிய அண்ணன் ஒருவர் புலம்பினார்: விலைக்கு மேல் நிலத்துறைக்கு 4 சதவீதம், ஏஜெண்டுக்கு 2 சதவீதம், அந்த ஏஜெண்ட் கமிஷனுக்கு 5 சதவீத வாட். சிங்கப்பூர் இன்னும் மோசம். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுக்காரர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரை வரி மட்டுமே 60 சதவீதம். "எதுக்குண்ணே இந்த வம்பு? நம்ம ஊர்ல வாங்கினா வெலையக் குடுத்தமா, எழுதுனமான்னு போயிடலாம்" என்று அவருக்குப் புத்தி சொன்னேன். அவர் பெரிய மனுஷர், இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டவில்லை.

நான் பிடித்த இடம் அரியலூரில், செந்துறை ரோட்டுப் பக்கம், 1,200 சதுர அடி. சிமெண்ட் லாரிகள் போகிற சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது, மொட்டை மாடியில் துணி காயப்போடலாம் என்று தரகர் உத்தரவாதம் தந்தார். பத்து லட்சம் சொன்னதை வீடியோ காலிலேயே பேசி ஒன்பதரைக்கு இறக்கினேன். கையில் பத்து லட்சம் இருந்தது. மிச்சம் ஐம்பதாயிரத்தில் சுற்றி வேலி போட்டு, ஒரு போரும் போட்டுவிடலாம் என்பது என் திட்டம்.

தமிழ்நாட்டில் கிரயம் எழுத முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2017இல் 4 சதவீதமாக ஏற்றிய பதிவுக் கட்டணத்தை 2023 ஏப்ரலில் 2 ஆகக் குறைத்தார்கள். 'குறைச்சுட்டாங்க' என்ற பாதிச் செய்தியைப் படித்து, மொத்தச் செலவே ரெண்டு சதவீதம் என்று மனசில் பதிந்துவிட்டது. அந்தக் குறைப்போடு வழிகாட்டி மதிப்பை ஏற்றியதும், முத்திரைத் தீர்வை ஏழு அப்படியே நின்றதும் செய்தியின் மறுபாதி. பத்திர எழுத்தர் கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பிக் காட்டினார்: 85,500. வேலியும் போரும் அந்த நிமிஷமே போயின.

அதற்கு முன்பே ஒரு தெண்டம் அழுதிருந்தேன். நேரில் வராமல் முடிக்கலாம் என்று துபாய் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு மச்சானுக்குப் பவர் அனுப்பினேன். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், அதற்கு மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். அதை மச்சானிடம் சொல்லவேண்டியவன் நான். சொல்லவில்லை. அவரோ பயபக்தியோடு அதைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். கெடு தாண்டியபின் நானே டிக்கெட் போட்டு வந்தேன்.

வந்த இடத்தில் இன்னொரு கூத்து. பழைய பத்திரங்களைப் புரட்டினால், ஒன்றில் திருச்சி மாவட்டம், அடுத்ததில் பெரம்பலூர், பிறகு அரியலூர், மறுபடி பெரம்பலூர், கடைசியில் மறுபடி அரியலூர். இது போலிப் பத்திரமேதான் என்று பதறி, ஒரு வக்கீல் பார்த்ததை இன்னொரு வக்கீலிடம் காசு கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் சிரித்தார். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002இல் திரும்பச் சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. நிலம் இருந்த இடத்தில்தான் இருந்தது. "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். செந்துறை என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. இத்தனை மாற்றமும் நான் பார்க்க நடந்தவை.

இனி தரகர். ஆரம்பத்தில் ஒரு தடவை, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், "கமிஷன் எவ்ளோண்ணே?" என்று கேட்கத்தான் செய்தேன். "அது கெடக்கு தம்பி. மொதல்ல எடம் முடியட்டும். நீ பாத்துக் குடுக்கறதக் குடு" என்றார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார். பெருந்தன்மை என்று நினைத்தேன். வெளிநாட்டுக்காரனிடம் சொல்லத் தகுந்த வார்த்தைகளில் இதைவிட விலை உயர்ந்தது கிடையாது. நான் மனசில் வைத்திருந்தது பத்தாயிரம். ஆவணியில் முகூர்த்த நாள் பார்த்து, கூடுதல் டோக்கன் போட்ட கூட்டத்தில் கைரேகை வைத்துவிட்டு வெளியே வந்தால், "ரெண்டு பர்சென்ட் தம்பி, ஊர் வழக்கம்" என்றார். 19,000. வேப்பமரத்தடியிலிருந்து இன்னொருவர் எழுந்து வந்தார். "எடத்த மொதல்ல காட்டுனது நான்தான் சார்." அவரை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. தரகர் வானத்தைப் பார்த்தார். நாலு பேர் பார்க்க வாதாடக் கூச்சப்பட்டு, அவருக்கும் கொடுத்துவிட்டு, சாப்பாடும் வாங்கிக் கொடுத்தேன். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டம், அதில் பதிவான திட்டங்களில் மனை விற்றுத் தரும் தரகர் பதிவு செய்யவேண்டும் என்கிறது. கமிஷன் இவ்வளவு என்று அது சொல்லவில்லை. வாயைத் திறந்து பேசி முடிப்பதுதான் சட்டம்.

கடைசி அடி வீட்டில் விழுந்தது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் எழுதினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மனைவி இதை முதலிலேயே சொன்னாள். இத்தனை வருஷம் பாலைவனத்தில் உழைத்தவன் பெயர் ஒரு பத்திரத்திலாவது இருக்கட்டுமே என்று நான்தான் காதில் வாங்கவில்லை. "ஒங்க பேர எழுதுன கூலி ஒம்பதாயிரத்து ஐந்நூறு" என்று இப்போது வருகிற உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்கிறாள். கணக்கு சரிதான்.

ஆகவே, ஊரில் மனை பார்க்கும் வெளிநாட்டுத் தம்பிகளுக்கு: பேசிய விலைக்கு மேல் நூற்றுக்குப் பதினொன்று தனியே எடுத்து வையுங்கள். அரசுக்கு ஒன்பது, தரகருக்கு ரெண்டு. வக்கீல், பத்திர எழுத்தர், பட்டா மாற்றச் செலவெல்லாம் இதற்கு வெளியே. 'பாத்துக் குடு' என்பவரிடம், எத்தனை சதவீதம், மொத்தம் எத்தனை பேருக்கு என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். பத்து லட்சத்துக்குள் என்றால் வீட்டம்மா பெயரிலேயே எழுதுங்கள்.