மேசன் துரைக்கு வழி விடுங்கள்

தூதனைக் கொல்லக்கூடாது, வேண்டுமானால் வாலில் தீ வைத்துக்கொள்ளலாம் என்று இலங்கை அரசவையிலேயே தீர்ப்பாகிவிட்டது. ஆகவே 1861 நவம்பர் 8 அன்று, கியூபாவுக்கு வடக்கே, ‘டிரெண்ட்’ என்ற பிரிட்டிஷ் தபால் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல் ‘சான் ஜசின்டோ’ குண்டு போட்டு நிறுத்தி, அதிலிருந்த இரண்டு தூதர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது லண்டன் கொதித்ததில் வியப்பில்லை.

ஜேம்ஸ் மேசன், ஜான் ஸ்லைடல். அடிமைகளை விட்டுத்தர மனமில்லாமல் அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென் மாநிலங்கள், ‘எங்களையும் ஒரு நாடாக ஒப்புக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுவர லண்டனுக்கும் பாரிசுக்கும் அனுப்பிய கனவான்கள்.

பிடித்த கப்பல் தலைவர் சார்லஸ் வில்க்ஸ் சட்டப் புத்தகங்களைப் புரட்டியவர். பகைவரின் அரசுக் கடிதங்களைப் பறிமுதல் செய்யலாம் என்று அவற்றில் இருந்தது. தூதர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனாலென்ன? தூதர்களே உயிருள்ள கடிதங்கள்தானே என்றார்! தபால்தலை எங்கே ஒட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாஸ்டனில் விருந்து வைத்தார்கள். அமெரிக்கக் காங்கிரசின் கீழவை நன்றித் தீர்மானம் போட்டது.

பிரிட்டிஷ் பிரதமர் பாமர்ஸ்டனின் அரசு, தூதர்களை விடுவிக்க ஏழு நாள் கெடு வைத்தது. சுமார் 11,000 படைவீரர்களைக் கனடாவுக்குக் கப்பலேற்றியது. வெடியுப்பு ஏற்றுமதியையும் தடுத்தது. பீகார் மண்ணில் நம்மவர்கள் சுரண்டிக் காய்ச்சிய உப்பு அது. மேசன் துரையின் மானத்துக்காக இங்கிலாந்தில் கட்டிக் கிடந்தது. இதே பிரிட்டிஷ் கடற்படை அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்கக் கப்பல்களில் ஏறி மாலுமிகளைப் பிடித்துப்போனது, அது 1812 போருக்கே ஒரு காரணமானது என்பதையெல்லாம் அப்போது லண்டன் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

போகட்டும். யார் இந்த மேசன்?

1850இல் வர்ஜீனியாவின் செனட்டராக இருந்து, தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை எழுதியவர். ஓடிப்போனவர் அடிமையில்லாத மாநிலத்தில் கால் வைத்திருந்தாலும் பிடித்து இழுத்துவரலாம். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்லக்கூடாது. ஜூரி கிடையாது. ஒளித்துவைத்தால் ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. விசாரிக்கும் ஆணையர் ‘இவர் அடிமை’ என்றால் அவருக்குக் கூலி பத்து டாலர். ‘இல்லை’ என்றால் ஐந்து. எழுத்து வேலை அதிகமாம், அதனால் பத்து! மனிதனை விற்ற காசிலும் கணக்குச் சுத்தம் பார்த்த கை.

1854இல் அந்தோணி பர்ன்ஸ் என்ற இளைஞர் அதே வர்ஜீனியாவிலிருந்து கப்பலில் ஒளிந்து பாஸ்டனுக்கு வந்து, துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மேசனின் சட்டம் பிடித்தது. ஊரே கறுப்புத் துணி தொங்கவிட்டுத் திரண்டு நிற்க, ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் தெருவில் வேலியாக நிற்க, விலங்கிட்டுத் துறைமுகத்துக்கு நடத்திப் போனார்கள். அரசுக் கப்பலிலேயே ஏற்றி உரியவரிடம் ஒப்படைத்தார்கள். பர்ன்சுக்கும் பாதுகாப்பான பயணம்தான், திசைதான் வேறு.

ஏழாண்டு கழித்து மேசனையும் கொண்டுபோய் அடைத்தது பாஸ்டன் துறைமுகத்து வாரன் கோட்டையில். உள்நாட்டுப் போர் ஒன்றே போதும் என்றிருந்த லிங்கன் அரசு பணிந்தது. வெளியுறவு அமைச்சர் செவார்ட் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்க வேண்டும், விசாரணையில்லாமல் ஆளைப் பிடித்தது பிழை. விசாரணையில்லாமல்! பிடிபட்டவன் வாயைத் திறக்கக்கூடாது என்று எழுதிவைத்த மனிதருக்காக உலகத்தின் இரண்டு பெரிய அரசுகள் உட்கார்ந்து கண்டுபிடித்த குறை இது. 1862 ஜனவரி 1 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து அவரை ஏற்றிக்கொண்டது.

அந்த 11,000 பேர் காவல் நின்ற கனடா, மேசனின் சட்டத்துக்குத் தப்பிக் கறுப்பர்கள் ஆயிரக்கணக்கில் ஓடிவந்து சேர்ந்த நாடு. போர் மூண்டிருந்தால் மேசன் துரையின் மானத்துக்காக அவர்களும் துப்பாக்கி தூக்கியிருக்க வேண்டியதுதான். பர்ன்சும் அங்கே இருந்தார். நல்ல மனிதர்கள் பணம் திரட்டி அவரை விலைக்கு வாங்கி விடுவித்திருந்தார்கள். செயின்ட் காதரின்ஸ் ஊரில் தேவாலயப் போதகராக இருந்து, 1862 ஜூலையில், 28 வயதில் இறந்துபோனார்.

மேசன் துரை அப்போது லண்டனில் பத்திரமாக இருந்தார்.